அத்தையின் தூக்கத்துக்கு நாட்டு மருந்துப் பொடி: தைராய்டு மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா?

கோவை மருமகள் (திங்கள், இரவு 10.40)

அனைவருக்கும் வணக்கம். என் அத்தைக்கு, அதாவது கணவரின் தாயாருக்கு, வயது 67. சென்ற ஆண்டு மாமா காலமானதிலிருந்து அவருக்கு இரவுத் தூக்கம் போய்விட்டது. பத்து மணிக்குப் படுத்தால் நள்ளிரவு வரை புரண்டுகொண்டிருக்கிறார். அயர்ந்த பிறகும் சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று முறை எழுகிறார். நான்கு மணிக்கு மேல் கண் மூடுவதே இல்லை. தைராய்டு சுரப்புக் குறைவுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தைராக்சின் 75 மைக்ரோகிராம், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு இரவில் ஒரு மாத்திரை ஆகியவற்றை எடுத்துவருகிறார்.

தூக்க மாத்திரை பழக்கமாகிவிடும் என்ற அச்சத்தில், ஒரு மாதத்துக்கு முன் நாட்டு மருந்துக் கடையில் கேட்டு ஒரு பொடி வாங்கினோம். அமுக்கரா, சாதிக்காய், கசகசா, சடாமாஞ்சில் ஆகியவற்றை அரைத்துக் கலந்தது என்றார் கடைக்காரர். அளவு கேட்டபோது, "ஒரு கரண்டி பாலில் கலந்து குடிக்கட்டும், இயற்கை மருந்துதானே" என்று சொன்னார். முதல் இரண்டு வாரம் அத்தை நன்றாகவே தூங்கினார். இப்போது பத்து நாட்களாகப் படபடப்பும் கை நடுக்கமும் காரணமில்லாத வியர்வையும் இருக்கின்றன. பொடியைப் பற்றி மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று அத்தை என்னைத் தடுக்கிறார். பொடியைத் தொடரலாமா, அல்லது அளவைக் குறைத்தால் போதுமா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

சேலம் தறிக்காரர் (திங்கள், இரவு 11.15)

அஞ்ச வேண்டியதில்லை, சகோதரி. என் அம்மா ஆறு ஆண்டுகளாக இரவில் அமுக்கரா போட்ட பால் குடிக்கிறார். ஒரு கேடும் வந்ததில்லை. நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருக்கும் மருந்து இது. படபடப்புக்கு மாமாவின் நினைவே காரணமாக இருக்கலாம்.

மருந்தாளுநர், திருச்சி (செவ்வாய், காலை 6.05)

சகோதரி, பொடியை இன்றே நிறுத்திவிடுங்கள். தைராக்சினை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மருந்தகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில், அதற்கான காரணத்தை விளக்குகிறேன்.

அமுக்கரா தைராய்டு சுரப்பைத் தூண்டக்கூடியது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், தைராய்டு இலேசாகக் குறைந்திருந்த 50 பேரைப் பிரித்து ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் வேர்ச்சாறு எட்டு வாரம் கொடுத்தபோது, அவர்களுடைய தைராய்டு அளவுகள் உயர்ந்தன. விற்பவர்கள் இதை ஒரு நன்மையாகவே எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் உங்கள் அத்தைக்கு ஏற்கெனவே அளந்து கொடுக்கப்பட்ட தைராக்சின் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. அதன் மேல் இன்னொரு தூண்டுதல் ஏறினால், படபடப்பு, நடுக்கம், வியர்வை என்று நீங்கள் எழுதியிருக்கும் அதே குறிகள்தாம் தோன்றும். தைராய்டு மிகுந்தால் தூக்கமும் கெடும். தூக்கத்துக்காகக் கொடுத்ததே தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். இதுதான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். டிஎஸ்ஹெச், எஃப்டி4 என்ற இரண்டு தைராய்டு அளவுகளையும் பாருங்கள்; உடலில் தைராய்டு மிகுந்தால் டிஎஸ்ஹெச் இறங்கும். நடுக்கம் வரும் நேரத்தில் வீட்டுக் கருவியில் சர்க்கரையையும் பாருங்கள், ஏனெனில் அமுக்கரா சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் குறைக்கக்கூடும். நெஞ்சு வலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ வந்தால் பரிசோதனைக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சாதிக்காயையும் சாதாரணமாக எண்ணக் கூடாது. பாயசத்தில் ஒரு சிட்டிகை உரசிப் போடுவது வேறு. கரண்டி கரண்டியாக உண்பது வேறு. ஏறத்தாழ ஐந்து கிராம் சாதிக்காய், அதாவது சுமார் ஒரு காய், உடலில் நஞ்சாக வேலை செய்யும். வாய் உலர்ந்து, இதயம் வேகமாகத் துடித்து, சிலருக்கு மனக்குழப்பமும் பொய்த்தோற்றங்களும் உண்டாகும். அந்தக் குறிகள் மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே தெரிவதால், உண்டவருக்கே காரணம் புரிவதில்லை. உங்கள் பொடியில் சாதிக்காய் எவ்வளவு என்பது அரைத்தவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இன்னொன்று. இரத்த அழுத்த மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் அதில் சிறுநீரைப் பெருக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். அதை இரவில் விழுங்கினால் இரண்டு மூன்று முறை எழத்தான் வேண்டும். அப்படியிருந்தால், காலையில் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சேலத்து நண்பரே, உங்கள் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. அவர் வேறு மாத்திரை எதையும் எடுத்துக்கொள்கிறாரா என்பதை மட்டும் தெரிவியுங்கள்.

சித்த மருத்துவர், நெல்லை (செவ்வாய், பிற்பகல் 2.30)

மருந்தாளுநர் சொன்னதை ஒரு சித்த மருத்துவனாக நானும் வழிமொழிகிறேன். அதே வேளையில், நடந்த தவற்றைச் சித்த மருத்துவத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொடியில் எங்கள் முறை எதுவும் கடைப்பிடிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அமுக்கராங்கிழங்கைப் பாலில் பிட்டவியலாக அவித்து, உலர்த்தி, அதன் பிறகே இடிக்க வேண்டும்; அதற்குச் சுத்தி என்று பெயர். அமுக்கராச் சூரணம் என்று நூல்முறைப்படி செய்வதில் கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்து நான்கு, சர்க்கரை நூற்றிருபத்தெட்டு என்று ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரட்டித்துக்கொண்டே போகும். இந்தக் கணக்கை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேல் சர்க்கரை! நீரிழிவு உள்ளவருக்கு அதை யோசிக்காமல் கொடுக்க முடியாது. மிளகிலும் திப்பிலியிலும் உள்ள பைப்பரின் என்ற பொருள், உடன் எடுக்கும் வேறு மருந்துகளை உடல் அதிகமாக உறிஞ்சும்படி செய்யக்கூடியது. வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன், இதயத்துக்கான புரோப்ரனலால் போன்றவற்றில் இது காட்டப்பட்டிருக்கிறது. நூல்முறைப்படி செய்த மருந்துக்கே இவ்வளவு எச்சரிக்கை வேண்டியிருக்கும்போது, அளவும் சுத்தியும் தெரியாத பொடியைப் பற்றி என்ன சொல்வது?

சடாமாஞ்சில் இமயமலைச் சாரலில் விளையும் செடியின் வேர்த்தண்டு. அது அழிவின் விளிம்பில் இருக்கும் செடி என்று பன்னாட்டு அளவில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. அரிதான, விலை கூடிய சரக்கில் வேறு வேர்களைக் கலப்பது எளிது. பொடியாக்கிவிட்டால் எங்களாலேயே கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் சரக்குகளை முழுதாக வாங்குங்கள் என்று என் நோயாளிகளிடம் சொல்கிறேன். தயாரித்த மருந்தாக இருந்தால் உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், உட்பொருள்களின் அளவு ஆகிய நான்கும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அமுக்கராவில் வேரை மட்டுமே பயன்படுத்த வேண்டும், இலையைச் சேர்க்கக் கூடாது என்று ஆயுஷ் அமைச்சகமே 2021இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. ஊமத்தை, கஞ்சா, அபின் போன்ற சரக்குகள் சேர்ந்த மருந்துகள் மருந்துச் சட்டத்தின் நச்சுப் பட்டியலில் வருபவை. மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அவற்றின் மேலுறையில் இருந்தாக வேண்டும். தூக்கத்துக்கென்று பெயரில்லாத டப்பாவில் விற்கப்படும் லேகியங்களில் இவை இருக்குமோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

அம்மா, உங்கள் அத்தையின் தூக்கமின்மையில் துயரமும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உடனிருந்தவரை இழந்தவருக்கு இரவுதான் கடினமான நேரம். நாடி பார்ப்பதற்கு முன் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மணம் வேண்டுமென்றால் மருதாணிப் பூவைத் துணியில் கட்டித் தலையணையருகே வைத்துக் கொடுங்கள். உள்ளே போகாத மருந்து என்பதால் மாத்திரைகளோடு மோதாது.

காமாலையிலிருந்து மீண்டவன் (செவ்வாய், இரவு 9.50)

இதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். வயது 36, எந்த நோயும் இல்லாதவன். இரவுப்பணி மாறியபின் தூக்கம் வரவில்லை என்பதால், இணையத்தில் அசுவகந்தா, அதாவது இதே அமுக்கரா, காப்ஸ்யூல் வாங்கி நாளுக்கு இரண்டு வீதம் விழுங்கினேன். ஆறாவது வாரம் உள்ளங்கையில் தாங்க முடியாத அரிப்பு, பிறகு சிறுநீர் தேநீர் நிறத்தில் போயிற்று, கண் மஞ்சளாயிற்று. மருத்துவர் மூன்று முறை வெவ்வேறு விதமாக, "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். மூன்று முறையும், "எதுவும் இல்லை" என்றே பதில் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. அந்தக் காப்ஸ்யூலை நான் மருந்து என்று நினைக்கவே இல்லை. நான்காவது நாள் என் மனைவி அந்தக் குப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நிறுத்தியபின் ஈரல் அளவுகள் இயல்புக்கு வர மூன்று மாதம் பிடித்தது.

அதன் பிறகு தேடிப் படித்தேன். 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் இப்படிப்பட்ட ஐந்து பேரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தொடங்கிய 2 முதல் 12 வாரங்களுக்குள் அரிப்பும் காமாலையும் வந்தன, நிறுத்தியதும் ஐவரும் மீண்டார்கள். ஆனால் 2023இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பில், அமுக்கரா மட்டுமே எடுத்துப் பாதிக்கப்பட்ட எட்டுப் பேரில் மூவர் இறந்தார்கள். அவர்கள் முன்பே ஈரல் நோய் உள்ளவர்கள். உலகெங்கும் பல இலட்சம் பேர் உண்ணும் ஒன்றில் இது அரிது என்பதை அறிவேன். ஆனால் தமக்கு ஈரல் கொழுப்பு இருப்பதையே அறியாதவர்கள் நம்மில் எத்தனை பேர்! அரிப்போ அடர்நிறச் சிறுநீரோ தென்பட்டால் அன்றே நிறுத்துங்கள்.

ஹெர்னிங் தமிழர் (புதன், அதிகாலை 1.20)

டென்மார்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2023ஆம் ஆண்டு அசுவகந்தாவை உணவுத் துணைப்பொருளாக விற்பதற்கே தடை விதித்தார்கள். தைராய்டிலும் பாலியல் சுரப்பிகளிலும் அது ஏற்படுத்தக்கூடிய விளைவுகளையும், கருவைக் கலைக்கக்கூடும் என்ற ஐயத்தையும் காட்டி 2020இல் இங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தந்த அறிக்கை அதற்கு அடிப்படை. இந்தியாவின் ஆயுஷ் தரப்பு அந்த அறிக்கையை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முழுத் தடை மிகை என்பதுதான் என் எண்ணமும். ஆனால் ஊருக்குப் போய்வரும் எங்கள் ஆட்கள் நித்திரைக்கென்று பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து அக்கம்பக்கத்தில் பங்கிடுகிறார்கள். இங்குள்ள குடும்ப மருத்துவருக்கு அதன் பெயரும் தெரியாது, நாங்கள் சொல்வதும் இல்லை. என் மாமிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது, மயக்க மருந்து கொடுப்பவர் மூலிகை ஏதும் எடுக்கிறீர்களா என்று தனியாகக் கேட்டார். மயக்க மருந்தின் வேலையை இவை கூட்டக்கூடும் என்பதால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கமாம். அவர் கேட்டதால்தான் நாங்கள் சொன்னோம்.

சிங்கப்பூர் வாசகி (புதன், காலை 7.10)

கசகசாவைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. அபின் செடியின் விதையான அதில் மார்ஃபின் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், சிங்கப்பூரில் அது தடைசெய்யப்பட்ட பொருள். வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் அப்படியே. வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குத் தூக்கப் பொடி அனுப்பும் பெற்றோர் உடல்நலத்தோடு இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மதுரை வாசகர் (புதன், காலை 9.30)

எல்லோரும் மூலிகையையே குற்றம் சாட்டுகிறீர்கள். என் அண்ணனுக்குத் தூக்கத்துக்காக அல்பிரசோலம் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளாக அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. இரவில் கழிவறைக்குப் போகும்போது தடுமாறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அந்த மாத்திரைகளைவிட அமுக்கராப் பால் எத்தனையோ மேல் அல்லவா? அண்ணனும் மாத்திரையை விட்டுவிட்டு இன்றிலிருந்தே மூலிகைக்கு மாறலாம் என்று இருக்கிறார்.

மருந்தாளுநர், திருச்சி (புதன், காலை 10.05)

ஐயா, அவசரமாக எழுதுகிறேன். உங்கள் அண்ணன் அல்பிரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. நான்கு ஆண்டுகள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் தூக்கமே இல்லாத இரவுகளும் கடும் பதற்றமும் வரும், வலிப்பும் வரக்கூடும். எந்த மூலிகையும் அந்த இடைவெளியை நிரப்பாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ சென்று, வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுப்பதும் ஆபத்து. மயக்கம் கூடி, மீண்டும் விழ நேரிடும்.

உங்கள் மனக்குறை நியாயமானது. அந்த மாத்திரைகளுக்கு அடிமைப்படுவதும் முதியவர்கள் விழுவதும் உண்மை. ஆகவேதான் அல்பிரசோலம் போன்றவற்றைச் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது. அமுக்கராவுக்கும் ஓரளவு பயன் உண்டு. 2021இல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 400 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது தூக்கத்தில் சிறிய அளவிலான முன்னேற்றம் தெரிந்தது. மேல்நாடுகளில் புகழ்பெற்ற வலேரியன் வேருக்கு அந்த அளவு சான்றும் இல்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017இல் அதைத் தூக்கமின்மைக்குப் பரிந்துரைக்கவில்லை.

ஆனால் மாத்திரையா மூலிகையா என்று கேட்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மருந்தல்ல, நடத்தைவழிச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் கூறியது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, இருபது நிமிடத்துக்கு மேல் விழித்துக் கிடந்தால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் வேறிடத்தில் உட்காருவது, எத்தனை மணிக்கு உறங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது ஆகியவை அதன் அடிப்படை. முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். உங்கள் அண்ணன் உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மூச்சுத் தடை நோயாக இருக்கலாம். அதில் மயக்கம் தரும் எதுவும் தீங்கு செய்யக்கூடும்.

இளந்தாய், விருதுநகர் (புதன், பிற்பகல் 3.15)

தலைப்பிலிருந்து சற்று விலகிக் கேட்கிறேன், மன்னியுங்கள். என் ஐந்து மாதக் குழந்தை இரவில் அழுவதால், என் அம்மா உரைகல்லில் சாதிக்காயும் வசம்பும் தேனில் இழைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுத்தால் நன்றாகத் தூங்கும் என்கிறார். கொடுக்கலாமா?

பணிநிறைவு பெற்ற செவிலியர் (புதன், மாலை 5.40)

கொடுக்காதே, அம்மா. வசம்பை நம் வீடுகளில் பிள்ளை வளர்ப்பான் என்றே அழைக்கிறோம். அந்தப் பெயரின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற பொருள் ஆய்வக விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்துவிட்டார்கள். பெரியவருக்கு ஒரு சிட்டிகை சாதிக்காய் ஒன்றும் செய்யாது. ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு உரைகல்லில் இரண்டு சுற்றா, பத்துச் சுற்றா என்பதே பெரிய வேறுபாடு. தேனை ஒரு வயதுக்குள் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் குழந்தையின் குடலில் நஞ்சைச் சுரந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். நான் குழந்தைகள் வார்டில் இருந்த காலத்தில், உரை மருந்து கொடுத்தபின் பால் குடிக்கக்கூட விழிக்காத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்ட தாய்கள் அல்லர். யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. ஐந்து மாதக் குழந்தை இரவில் பசித்து எழுவது இயல்பு. உன் அம்மாவிடம் கோபப்படாமல், குழந்தையை இரவில் ஒருமுறை தூக்கி வைத்துக்கொள்ளச் சொல். உனக்குத் தூக்கம் கிடைக்கும்.

கோவை மருமகள் (சனி, இரவு 8.20)

அனைவருக்கும் நன்றி. செவ்வாய் இரவிலிருந்து பொடியை நிறுத்திவிட்டோம். நடுக்கம் வந்தபோது பார்த்ததில் சர்க்கரை 118 இருந்தது. ஆகவே அது தாழ்ந்த சர்க்கரை அல்ல. வியாழக்கிழமை இரத்தப் பரிசோதனையில் டிஎஸ்ஹெச் 0.2 என்று வந்தது. நான்கு மாதத்துக்கு முன் 2.8 இருந்ததாம். பொடிப் பொட்டலத்தையே எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டினேன். அவர் திட்டவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, பொடியால்தான் இறங்கியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஐயப்பட இடம் இருக்கிறது என்றார். தைராக்சினை இப்போதைக்கு மாற்றவில்லை. இதயத் துடிப்பின் வரைபடம் எடுத்துப் பார்த்து, பொடி இல்லாமல் ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொன்னார். இடையில் படபடப்பு கூடினால் உடனே வர வேண்டும்.

மாத்திரை அட்டையில் 'எச்' இருக்கத்தான் செய்தது! அதைக் காலைக்கு மாற்றியிருக்கிறார். நேற்று இரவு அத்தை ஒருமுறைதான் எழுந்தார். ஆனாலும் நான்கு மணிக்கு விழித்துக்கொண்டார். அது அப்படியேதான் இருக்கிறது. நெல்லை மருத்துவர் எழுதியதைப் படித்த பிறகு, இன்று அதிகாலை நானும் எழுந்து காபி போட்டு அவரருகே உட்கார்ந்தேன். மாமா நான்கு மணிக்குத் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போவாராம்; அத்தை எழுந்து வெந்நீர் வைப்பாராம். இத்தனை ஆண்டுகளில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

சேலம் தறிக்காரர் (சனி, இரவு 9.05)

மருந்தாளுநர் கேட்ட கேள்விக்கு இன்றுதான் பதில் எழுதுகிறேன். அம்மாவுக்கு முன்பு மாத்திரை எதுவும் இல்லை. போன தீபாவளிக்குப் பிறகு இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் கொடுத்திருக்கிறார்கள். அமுக்கராப் பாலைப் பற்றி அந்த மருத்துவரிடம் நாங்கள் சொல்லவில்லை. திங்கட்கிழமை அழைத்துப் போகிறேன், டப்பாவையும் எடுத்துக்கொண்டு.